மாமா வந்திருக்கிறார்

மேனாம்பேட்டு வாடகை ஃபிளாட்டின் சமையலறைத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் மாமாவை டம்பெல்லால் அடித்துக்கொண்டிருந்தேன்.

டம்பெல் என்னோடு தங்கியிருந்த கார்த்தியுடையது. கோபிசெட்டிபாளையத்திலிருந்து வேலைக்கு வந்த புதிதில் உடம்பைத் தேற்றுவதற்காக வாங்கியது. வாங்கிய வாரத்துக்குப் பிறகு, காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்கத்தான் பயன்பட்டது. அதைச் சோப்பு போட்டுக் கழுவி, பிளாஸ்டிக் கவர் சுற்றி ஓங்கிப் போட்டேன். ஒவ்வொரு அடிக்கும் மாமா கொஞ்சம் மெலிந்து கொஞ்சம் அகலமானார்.

கீழ் ஃபிளாட்காரர் ஏறி வந்து என்ன சத்தம் என்று கேட்டார். அலமாரி மாட்டுகிறோம் என்றான் கார்த்தி. தரையிலா என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

யாரும் பதற வேண்டாம். மாமா என்பது எங்கள் வீட்டில் மாட்டுக்கறிக்குப் பெயர். அன்று ராத்திரி சாப்பிட வரவிருந்த மாமா வேறு. அவர் நந்தினியின் அப்பா, எனக்குப் பெண் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வருகிறவர். இந்த இரண்டு மாமாக்களும் ஒரே வீட்டில் சந்தித்துக்கொண்டதைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

பெயர் வந்த வழி

நான் சின்னப் பையனாக இருந்தபோது இதே மேனாம்பேட்டில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருந்தோம். அப்பா தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் ஹெல்பர். அம்மா ஒரு பேக்கிங் கம்பெனியில். அவர்களுக்கு முந்தியவர்கள் எல்லாம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள்.

கீழே ஹவுஸ் ஓனர் அம்மா இருந்தார். நல்லவர்தான். ஆனால் மூக்கு பொல்லாதது. மாடியில் கொதிக்கும் குழம்பை வைத்தே அது சங்கராவா வஞ்சிரமா என்று சொல்லிவிடுவார். வீடு கொடுக்கும்போது ‘கவுச்சி ஆக்கிக்கலாம்’ என்று சொல்லிவிட்டு, ‘ஆனா...’ என்று ஓர் இழுப்பு இழுத்தார். அந்த ‘ஆனா’வுக்குப் பின்னால் ஒன்றும் வரவில்லை. வரத் தேவையும் இல்லை. எங்களுக்குப் புரிந்துவிட்டது.

அம்மாவின் அண்ணன் பூந்தமல்லியில் லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் துணிப்பையோடு வருவார். பையின் அடியில் செய்தித்தாள் சுற்றிய பொட்டலம், அதற்கு மேல் முளைக்கீரைக் கட்டு. ‘மாமா வந்துட்டாரு’ என்று அம்மா குரல் கொடுத்தால், நான் ஜன்னலைச் சாத்த வேண்டும், தங்கச்சி ஊதுபத்தி ஏற்ற வேண்டும்.

பிறகு மாமாவுக்கு ஓசூர் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டார். பொட்டலத்தை அப்பா வாங்கிவர ஆரம்பித்தார். பெயர் மட்டும் மாமாவாகவே தங்கிவிட்டது.

ஹவுஸ் ஓனர் அம்மா ஒருநாள் மாடிப்படியில் அம்மாவை நிறுத்தி, உங்க அண்ணன் எவ்வளவு பாசமானவர், தவறாமல் வந்துவிடுகிறாரே, ஒருநாளாவது கீழே வந்து காபி சாப்பிடச் சொல் என்றார். அவருக்குக் கூச்ச சுபாவம்க்கா என்று சொல்லிவிட்டு அம்மா மேலே வந்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

எங்கள் பரம்பரையிலேயே முதன்முதலாகக் கட்டுரை எழுதியவன் நான். தலைப்பு ‘எங்கள் வீட்டு விருந்தினர்’. இப்படி எழுதினேன்: ‘எங்கள் வீட்டுக்கு மாமா வருவார். மாமா வந்தால் வீடே மணக்கும். அம்மா மாமாவுக்கு ஏழு விசில் வைப்பார். மாமா மெத்தென்று இருப்பார். மிச்சம் இருந்தால் மறுநாள் இட்லிக்கும் மாமாதான்.’

டீச்சர் கீழே சிவப்பு மையில் ஒரு வரி எழுதி அனுப்பினார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. மற்ற பிள்ளைகளுக்கு வெறும் ‘சரி’ போடுகிற டீச்சர் தன் பிள்ளைக்கு ஒரு முழு வரி எழுதியிருக்கிறாரே என்று பூரித்துப்போய் அப்பாவிடம் காட்டினார். அப்பாவும் அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தார். ‘பெற்றோரை அழைத்து வரவும்’ என்று நான்தான் படித்துச் சொன்னேன்.

மறுநாள், கல்யாணத்துக்குக் கட்டும் புடவையில் அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். டீச்சர் கேட்டது என் காதில் விழவில்லை. அம்மா சொன்ன பதில் மட்டும் விழுந்தது. ‘எங்க அண்ணன் ரொம்ப சாஃப்டான ஆளு, டீச்சர்.’

அதற்குப் பிறகு நாங்கள் எத்தனையோ வீடு மாறிவிட்டோம். சொந்தமாக வேப்பம்பட்டில் ஒரு சின்ன வீடும் கட்டியாயிற்று. கீழே மூக்கு உள்ளவர் யாரும் இல்லை. ஆனாலும் அம்மா அந்தக் கறியை அதன் பெயரால் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. கதவு சாத்தியிருந்தாலும், கரண்டு போய் இருட்டில் உட்கார்ந்திருந்தாலும், மாமாதான்.

எல்லாம் என்றால்

நந்தினி எங்கள் ஆபீசில் டெஸ்டிங் பிரிவு. நான் எழுதும் நிரலில் தப்பு கண்டுபிடிப்பது அவளுக்கு வேலை. அப்படித்தான் பழக்கமானோம். அவள் கல்லூரியில் படிக்கும்போதே அம்மா தவறிவிட்டார். அப்பா ஆவடியில் ஒரு ஃபேக்டரியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர்.

என்னைப் பற்றிச் சொன்னபோது அவர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. பையனை அவன் வீட்டிலேயே பார்க்க வேண்டும், அவன் கையால் சமைத்துப் போடட்டும் என்றாராம். இத்தனை வருஷம் பெண்ணுக்குச் சமைத்துப் போட்டவர். இனிமேல் யார் போடப்போகிறார்கள் என்று தெரிந்துகொள்ள நினைத்திருக்கிறார்.

நந்தினி ஓர் எச்சரிக்கையும் கொடுத்தாள்.

“எங்கப்பா வேணாம்னு சொல்ல மாட்டாரு. சாப்ட்டுட்டு பேசாம எழுந்துடுவாரு. பேசாம எழுந்துட்டார்னா முடிஞ்சிது. சொந்தத்துல பாத்த ரெண்டு எடமும் அப்டித்தான் போச்சு.”

உன் அப்பா எல்லாம் சாப்பிடுவாரா என்று கேட்டேன்.

எங்கள் பக்கத்தில் கேட்கும் இந்தக் கேள்வியை வெளியூர்க்காரர்கள் சரியாகப் புரிந்துகொள்ள மாட்டார்கள். ‘எல்லாம் சாப்பிடுவீர்களா’ என்று ஒருவர் கேட்டால் அந்த ‘எல்லாம்’ ஒரே ஒரு பொருளைத்தான் குறிக்கும். எல்லாம் சாப்பிடுவார் என்றாள் நந்தினி. ஆனால் சிலருடைய ‘எல்லாம்’ காடையோடு முடிந்துவிடும். அதனால் எல்லாம் என்றால் என்று மறுபடி இழுத்தேன். நீ கேட்பது எனக்குப் புரிகிறது, அதுவும்தான் என்றாள். இரண்டு பேரும் அதன் பெயரைச் சொல்லாமலேயே பேசி முடித்துவிட்டோம்.

பாவ்லோ சொன்ன சமையல்

எங்கள் ப்ராஜெக்ட் ஓர் இத்தாலி கம்பெனிக்கு. அந்தப் பக்கம் பாவ்லோ என்று ஒருவன். திங்கட்கிழமை வீடியோ மீட்டிங்கில் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும். நான் எப்போதும் சாம்பார் சாதம் சாப்பிட்டுத் தூங்கினேன் என்பேன். பாவ்லோ ஒருநாள், அம்மா மாட்டுக்கறியில் மசாலா வைத்துச் சுருட்டிக் கட்டி, தக்காளிச் சாற்றில் வேகவைத்துக் கொடுத்தார், இரண்டு தட்டு சாப்பிட்டேன் என்று ஒரு கூட்டமே கேட்கச் சொன்னான். மேனேஜர் உட்பட எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர் ‘அருமை’ என்றுகூடச் சொன்னார்.

எனக்கு அப்போது தோன்றியது இதுதான். நான் மாட்டுக்கறிக் குழம்பு வைத்தேன் என்றால் ஒரு மாதிரி. அதையே பாவ்லோ சொன்ன பெயரில் பிரச்சோலே சமைத்தேன் என்றால் வேறு மாதிரி. பெண்ணின் அப்பா முன்னால் அந்த வேறு மாதிரியாகத்தான் நிற்க வேண்டும் என்று முடிவு செய்து, பாவ்லோவிடம் செய்முறை கேட்டு வாங்கினேன்.

அம்மாவுக்கு ஃபோனில் சொன்னேன். தங்கச்சிக்குக் குழந்தை பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அதனால் அம்மா வேப்பம்பட்டை விட்டு நகர முடியாத நிலை.

“இன்னா செய்யப்போற?”

“பிரச்சோலே.”

“பிரச்சனையா? பிரச்சனையெல்லாம் எதுக்கு நைனா மொத மொதல்ல. மாமாவ கொழம்பு வெச்சிடு.”

சமைத்து முடிக்கும் நேரத்தில் கூப்பிடுகிறேன், தனியாக விட்டால் நீ கெடுத்துவிடுவாய் என்று சொல்லித்தான் வைத்தார்.

பூந்தமல்லியில் கறிக்கடை பாயிடம் எலும்பில்லாத தொடைக்கறியை அகலமாக, மெல்லிசாக அறுத்துத் தரச் சொன்னேன். எவ்வளவு மெல்லிசு என்று கேட்டார். கையால் காட்டினேன். “இன்னா தலைவரே, கறி வேணுமா தோச வேணுமா?” என்றவர், நாங்கள் அடித்து இன்னும் மெல்லிசாக்கப்போகிறோம் என்று சொன்னதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தார்.

பாவ்லோவின் பட்டியலில், உள்ளே வைக்க ரொட்டித் தூள், பூண்டு, பாலாடைக்கட்டி, ஏதோ ஓர் இலை, பைன் கொட்டை, உலர்திராட்சை. நான் ரஸ்க்கைப் பொடித்தேன். இலைக்குக் கொத்தமல்லி. பைன் கொட்டைக்கு முந்திரி. முந்திரியும் திராட்சையும் மளிகைக் கடையில் ஒரே பாக்கெட்டில் கிடைத்தன. கார்த்தி பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்றா இது, பாயசத்துக்குப் போடறத கறிக்குள்ள வெக்கற?” என்றான்.

கார்த்தி மாட்டுக்கறி சாப்பிடுகிறவன் அல்ல. ஆனால் கட்டுவதற்கு ஆள் வேண்டும் என்றபோது அவனாகவே முன்வந்தான். “நானு திங்கமாட்டன். ஆனா கட்டறதுல என்னைய அடிச்சுக்க ஆளில்ல. ஊர்ல மஞ்ச மூட்ட கட்டிப் பழகின கை.”

கட்ட வெள்ளைப் பருத்தி நூல் வேண்டும் என்று பாவ்லோ சொல்லியிருந்தான். மளிகைக் கடையில் நைலான்தான் இருந்தது. அது வெந்தால் உருகிவிடும். கார்த்தி பூஜை சாமான் கடைக்குப் போனான். வெள்ளை நூல் தீர்ந்துவிட்டதாம். பருத்தியில் இருந்தது ஒன்றே ஒன்று, மஞ்சள் கயிறு. கடைக்காரம்மா கயிற்றுக் கட்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டே யாருக்குத் தம்பி கல்யாணம் என்று கேட்டிருக்கிறார். கல்யாணமெல்லாம் இல்லைங்க்கா, ஒருத்தரைக் கட்டிப்போடணும் என்று இவன் சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

மஞ்சள் கயிறா என்று நான் தயங்கினேன். பருத்திதானே, பூசியிருப்பது மஞ்சள்தானே, எப்படியும் கறிக்கு மஞ்சள் போடுவாய்தானே என்றான். மூன்று கேள்விக்கும் ஆமாம் என்றுதான் சொல்ல முடிந்தது. நான் சுருட்டச் சுருட்ட அவன் கட்டினான். குட்டிக் குட்டி மஞ்சள் மூட்டைகளாக வரிசையில் மாமாக்கள் படுத்திருந்தார்கள்.

ஹாலில் ஒரு குரல்

எட்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தோம். வெயில் இறங்கியும் இறங்காமலும் இருக்கும்போதே காலிங்பெல் அடித்துவிட்டது. ஷிஃப்ட்டுக்கு முன்னாலேயே கேட்டில் போய் நின்று பழகியவர் என்று, அப்பாவுக்குப் பின்னால் நின்ற நந்தினி கண்ணாலேயே மன்னிப்புக் கேட்டாள்.

கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்திருந்தார். மரியாதைக்கு ‘சார்’ என்று கூப்பிட்டேன். ‘மாமா’ என்று கூப்பிட வாய் வரவில்லை. எனக்கு அந்த வார்த்தையைச் சொன்னாலே குக்கர் ஞாபகம் வரும்.

கார்த்தி அவருக்குத் துணையாக உட்கார்ந்து, பயணம் நல்லாங்களா, டிராஃபிக்குங்களா, ரிட்டையர் ஆகிப் பொழுது போகுதுங்களா என்று வரிசையாகக் கேட்டான். எல்லாவற்றுக்கும் ஒரே ‘ம்’. நந்தினி என்னைப் பார்த்தாள். நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

விருந்து என்றால் பின்னணியில் பாட்டு வேண்டும் என்று கார்த்தி மைக்கும் உள்ள தன் ப்ளூடூத் ஸ்பீக்கரை ஹால் அலமாரியில் வைத்து, என் ஃபோனிலிருந்து இத்தாலிப் பாட்டு ஏதோ போட்டிருந்தான். அவர் உட்கார்ந்திருந்தது அந்த ஸ்பீக்கருக்கு நேர் கீழே. ஃபோன் மட்டும் என்னோடு சமையலறையில் இருந்தது.

தக்காளிச் சாறு முழங்கை வரை. மாமாக்கள் வாணலியில் கொதித்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் வேக வேண்டும். ஃபோன் அடித்தது. அம்மா. முழங்கையால் தொட்டு எடுத்துவிட்டுக் காதைக் கிட்டே கொண்டுபோனேன். சத்தமே இல்லை.

சத்தம் ஹாலில் வந்தது. இத்தாலிப் பாட்டு நின்று, அம்மாவின் குரல் வீடு நிறைந்தது.

“இன்னா நைனா, மாமா எப்டிகீறாரு?”

நான் இன்னொரு காதையும் ஃபோன் கிட்டே கொண்டுபோனேன்.

“நல்லா அடிச்சியா? அடிக்கலன்னா வெறப்பா நிப்பாரு. வயித்துல ரொப்பி நல்லா இறுக்கிக் கட்டுனியா?”

கரண்டியோடு ஹாலுக்கு ஓடினேன். நந்தினி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கார்த்தி ஸ்பீக்கரை அணைக்க எம்பினான். அவர் கையை நீட்டி அவனைத் தடுத்தார்.

“பதிலே காணோம். மாமா வயசானவரா கீறாரா? கெழடா இருந்தா இந்த ஜென்மத்துல வேவாது நைனா.”

அவர் தலையை நிமிர்த்தி ஸ்பீக்கரைப் பார்த்துச் சொன்னார்: “அறுவத்தி ஒண்ணு முடிஞ்சிதும்மா.”

ஸ்பீக்கரில் தங்கச்சி குழந்தை சிணுங்கியது.

“யாரு பேசறது?”

“நந்தினியோட அப்பா பேசறேன். மாமாதான்.”

அந்த நேரத்தில் அம்மா ஃபோனை வைத்துவிட்டிருக்கலாம். அப்படி வைத்துவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். வைத்திருந்தால் அவர் பேசாமல் எழுந்து போயிருப்பார், எனக்கு இப்போது எழுத வேறு எதுவும் இருந்திருக்காது. அம்மா வைக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அண்ணே, உங்கள சொல்லல. மாட்டுக்கறிய சொன்னேன்.”

பிறகு, தூரத்தில் இருப்பவருக்குச் சரியாகக் கேட்டிருக்காதோ என்று நினைத்தோ என்னவோ, இன்னும் உரக்க, “மாட்டுக்கறி” என்றார்.

பால்கனிக் கதவு திறந்திருந்தது. எதிர் பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருந்த பெண்மணி நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு அடுத்த துணியை எடுத்து மடித்தார். அவ்வளவுதான் நடந்தது.

நந்தினியின் அப்பா மகள் பக்கம் திரும்பினார். “ஆபீசரா?” என்று கேட்டார். நந்தினி தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றாள்.

“எங்க ஊட்ல அது பேரு ஆபீசரும்மா,” என்றார் ஸ்பீக்கரிடம். “குவார்ட்டர்ஸ்ல அந்தப் பக்கம் இந்தப் பக்கம் எல்லாம் ஆளுங்க. ‘நாளைக்கு ஆபீசர் வராரு, இஞ்சி வாங்கி வை’ன்னுவேன். பக்கத்து ஊட்டுக்காரன், இவனுக்கு மேலிடத்துல செல்வாக்குன்னு நெனச்சிகினு, அவன் பையனுக்கு வேல வாங்கித்தரச் சொல்லி வந்து நின்னான்.”

வேப்பம்பட்டில் அம்மா சிரிக்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பு நிற்பதற்குள் குழந்தை முழித்து அழுதது. நான் ஃபோனை அணைக்கப் போனேன். இருக்கட்டும், அவர்களும் கூட இருக்கட்டும் என்றார் நந்தினியின் அப்பா. பிறகு என் கையிலிருந்த கரண்டியைப் பார்த்து, “சரி, மாமாவ எடுத்துனு வா. மாமா சாப்டட்டும்,” என்றார்.

கயிறு

அடுப்பில் இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருக்க வேண்டும். ஆனால் ஆள் கேட்டுவிட்டார். வாணலியை இறக்கி, அவசர அவசரமாகக் கயிறுகளை அவிழ்த்தேன். கொதிக்கும் சாற்றில் விரல் சுட்டது. கார்த்தியின் முடிச்சுகள் வேறு மூட்டை முடிச்சுகள். எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டேன் என்று நினைத்துத்தான் தட்டில் வைத்தேன்.

முதல் துண்டை மென்றுகொண்டே அவர் பேச ஆரம்பித்தார். ரிட்டையர் ஆன ஆபீசர் போலிருக்கிறது, விறைப்பு இன்னும் போகவில்லை என்றார். திராட்சை தட்டுப்பட்டபோது சற்று நின்று, ஒன்றும் சொல்லாமல் இன்னொன்றைத் தேடிச் சாப்பிட்டார். இதற்கு என்ன பேர் என்று கேட்டார். பிரச்சோலே என்றேன். “அது அவங்க வெச்ச பேரு,” என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் வைத்திருந்த ரொட்டியால் சாற்றைத் தொட்டுக்கொண்டார். ஸ்பீக்கரில் அம்மா, உப்பு சரியாக இருக்கிறதா அண்ணே என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சரியாக இருக்கிறதும்மா என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மறு துண்டு வைத்தேன்.

இரண்டாவது வாயில் அவர் மெல்லுவதை நிறுத்தினார். நாக்கால் எதையோ தேடினார். இரண்டு விரலை விட்டு மெதுவாக இழுத்தார். வந்தது, வந்துகொண்டே இருந்தது. தக்காளிச் சிவப்பு சொட்டச் சொட்ட, முழு நீளத்துக்கு ஒரு மஞ்சள் கயிறு.

அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். கார்த்தி சன்னமாக, “கயிறுதானுங்க,” என்றான்.

அவர் தட்டைச் சற்றுத் தள்ளி வைத்தார். பேசாமல் எழுந்தார்.

நந்தினி என்னைப் பார்க்கவில்லை. தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்தது என்று நானும் கரண்டியைக் கீழே வைத்தேன்.

வாஷ்பேசினில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வெகு நேரம் ஓடியது. திரும்பி வந்தவர் கையில் அந்தக் கயிறு இருந்தது. சாறு போகக் கழுவி, நன்றாகப் பிழிந்து, பளிச்சென்று மஞ்சளாக இருந்தது. அதை நீவி நேராக்கி என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, தன் இடத்தில் உட்கார்ந்தார்.

“கயித்தயும் நீயே வாங்கி வெச்சினுகீற. அப்பறம் நான் இன்னாத்த பேசறது?”

அலமாரியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “கயித்த அவுக்கலையா? அவுக்காம தட்டுல வெச்சிட்டியா நைனா?”

“அவுக்க வாணாம்மா,” என்றார் மாமா. “கட்டட்டும்.”